அவர் நிரையில் என் வெட்டு

ரப்பர் மரத்தில் போட்ட வெட்டைப் பார்த்து அது யார் கை என்று எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். பேனா பிடிக்கத் தெரியாதவர்களுக்கும் மரத்தில் ஒரு கையெழுத்து இருந்தது. என் வெட்டு மெல்லிசு. பட்டை ஒரே சீராக உரியும், உள்ளே மரத்தில் கத்தி படாது, பால் வழி தவறாமல் கோட்டிலேயே இறங்கும். அம்மாவின் கை அப்படி, எனக்கும் அப்படியே வந்தது. என் வீட்டுக்காரருக்குக் கையில் பலம் அதிகம், பொறுமை கம்மி. கத்தியை இறக்கினால் மரத்தில் போய்த்தான் நிற்கும். அவருக்குப் பிரித்துக் கொடுத்த நிரையில் இருந்த மரங்கள் எல்லாம் காயம் ஆறி முண்டும் முடிச்சுமாக நின்றன. கல்யாணமான புதிதில் அதைச் சொல்லி அவரைக் கேலி செய்வேன், அவரும் சிரிப்பார்.

நான் சொல்ல வந்தது ஜப்பான்காரர்கள் வந்த இரண்டாவது வருஷத்தில் நடந்தது. எங்கள் தோட்டம் மலாயாவில், மம்பாவைத் தாண்டிப் போர்டிக்சன் போகிற வழியில் இருந்தது. வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பூட்டுத் தொங்கியது. பாதி மரங்களைச் சாய்த்து மரவள்ளி நட்டாயிற்று. மீதிப் பாதியில் பால் எடுக்கச் சொல்லிச் சிரம்பானிலிருந்து உத்தரவு. சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்துப்போன லாரிகள் முந்தியே வந்துபோய்விட்டதால் நாங்கள் குடியிருந்த லயத்தில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. இருந்தவர்களை வைத்துக்கொண்டு, எங்களை மேய்க்கிற மண்டோர் வேலையை ஓட்டினார். அரிசி விஷயத்தில் சட்டம் ஒன்றுதான்: வேலைக்கு வந்த ஆம்பளைக்கு ஒரு அளவு, பொம்பளைக்கு அதைவிடக் குறைந்த அளவு, வராதவர்களுக்கு ஒன்றுமில்லை. எங்களுக்கு மூன்று வயதில் ஒரு மகள். அவள் சாப்பிட்டது அப்பாவின் அளவில்தான்.

அந்த நாளில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் நடிப்பு நன்றாக வந்தது. ஆள் பிடிக்க வந்தவர்கள் முன்னால் இருமினார்கள், கூனினார்கள், நொண்டினார்கள். அரிசி போடுகிற நாளில் அதே முதுகுகள் நிமிர்ந்து நின்றன. புல் வெட்டச் சொன்னால் ரோட்டிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் தரை துடைத்து வைத்த மாதிரி இருக்கும், அதற்கு அப்பால் புல் இடுப்பு உயரத்துக்கு நிற்கும். என் பக்கத்து நிரையில் வெட்டின அக்கா ஒருத்தி இருந்தாள். மண்டோரின் சைக்கிள் சத்தம் கேட்டதும் "அம்மாடி, இடுப்பு போச்சே" என்று முனகிக்கொண்டே மரத்துக்கு மரம் ஓடுவாள், சைக்கிள் போனதும் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். எனக்கு அதைப் பார்த்தால் இளக்காரம். வேலை செய்கிறவளுக்கு வேலையே பேசும், காட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம்.

மரவள்ளிக் காட்டில் அடிக்கட்டை தோண்டுகிறபோது வேர்முனை ஒன்று என் வீட்டுக்காரர் கெண்டைக்காலில் குத்தியது. சின்னக் காயம். ஒரு வாரத்தில் அது உள்ளங்கை அகலப் புண்ணாகிவிட்டது. மருந்து கிடையாது. சி ரூசா கடற்கரையில் கடல்தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுக்கிறவர்களிடம் என் கல்யாணச் சேலையைக் கொடுத்து இரண்டு சிரட்டை உப்பு வாங்கிவந்தேன். தினமும் உப்புத் தண்ணீரால் கழுவி, பழந்துணியால் கட்டினேன். நிற்க முடிந்தது, மெதுவாக நடக்கவும் முடிந்தது. மரத்துக்கு மரம் போய்க் குனிந்து நிமிர்ந்து வெட்டுவது மட்டும் முடியவில்லை. முடியவில்லை என்று தெரிந்தால் மறுநாளே பேரை அடித்துவிடுவார்கள்.

"பேசாம படுத்துக்கறேன் புள்ள. உன் அரிசிய வச்சு ஓட்டு" என்றார்.

"ஓட்டலாம். மகளுக்கு என்ன குடுக்கறது? மண்ணையா?" என்றேன். "பெரட்டுல வந்து நின்னு பேரு சொன்னா ஆமான்னு சொல்லுங்க. மத்தது என் பாடு."

காலையில் வேலைக்காரர்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடம்தான் பெரட்டுக்களம். விடிவதற்கு முன்பே அங்கே நிற்க வேண்டும், அந்த இருட்டு எங்களுக்கு வசதியாகப் போயிற்று. அவர் நீளக் கால்சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார், பேருக்குப் பதில் சொன்னார், என் பின்னால் மெதுவாக நடந்து காட்டுக்குள் வந்தார். அவர் நிரையும் என் நிரையும் அடுத்தடுத்து. அவர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சிரட்டைகளைத் துடைத்துக் கொடுப்பார். மங்குகள் உடைந்துபோய்ப் பால் பிடிக்கச் சிரட்டைதான் அப்போது. நான் இரண்டு நிரையையும் வெட்டினேன்.

இதில் ஒரு சங்கடம். மரம் காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாகப் பால் விடும். வெயில் ஏற ஏறப் பால் சுருங்கும். இரண்டு நிரையில் ஒன்றுக்குத்தான் அந்த நல்ல நேரத்தைக் கொடுக்க முடியும். யோசிக்க வேண்டியதே இல்லை. அவர் பால் குறைந்தால் அவரைப் பார்க்க ஆள் வரும். என் பால் குறைந்தால் திட்டுத்தான் விழும். அவர் நிரையை முதலில் வெட்டினேன், வெயில் ஏறினபிறகு என்னுடையதை ஓட்டமாக ஓடி முடித்தேன். நல்ல பேரை விட்டுக்கொடுத்து அரிசியை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டேன். முடிவு செய்தது சுலபமாகத்தான் இருந்தது.

முதல் வாரம் அவர் கை மாதிரியே வெட்டப் பார்த்தேன். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதே என்று வேண்டுமென்றே கத்தியை ஆழமாக இறக்கினேன். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அழுகை வந்தது. நல்லாக் கோலம் போடத் தெரிந்தவளைக் கிறுக்கச் சொன்ன மாதிரி. பாலும் சரியாக வரவில்லை. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, என் கை தானாகவே மெல்லிசாக இறங்கிவிட்டது. பட்டை ஒரே சுருளாக உரிந்து விழுந்தது. சரி, இந்த ஒரு மரம் என்று விட்டேன். அடுத்ததும் அப்படியே. அன்றையிலிருந்து அவர் நிரை முழுக்க என் வெட்டுத்தான். பால் கூடினது நிஜம். ஆனால் பாலுக்காக மட்டும் அப்படி வெட்டவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். என்னால் கெடுத்து வெட்ட முடியவில்லை, அந்தத் திமிர்தான்.

பக்கத்து நிரை அக்கா இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏ புள்ள, அது யாரு வெட்டுன்னு எனக்குத் தெரியாதா? உங்கம்மா வெட்டுல்ல அது" என்றாள்.

நான் கத்தியைக் கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தேன்.

"பயப்படாத, சொல்லமாட்டேன். நாளைக்கு எனக்கும் இப்பிடி ஒண்ணு வரும்" என்று சொல்லி வெற்றிலையைத் துப்பினாள். கடைசி வரைக்கும் அவள் சொல்லவில்லை.

மண்டோருக்கு வெட்டைப் பார்க்கத் தெரியாமல் இல்லை. அவர் பார்க்க விரும்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். மேலே இருந்து பால் போதவில்லை, மரம் கெடுகிறது என்று அவருக்குத் தினமும் இடி. தன் பிரிவில் ஒரு முரட்டு ஆள் திடீரென்று திருந்திவிட்டான் என்றால், திருத்தினது யார்? மண்டோர்தானே. ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணியிடம் போய் "நான்தான் கூட நின்னு கையப் புடிச்சுச் சொல்லிக்குடுத்தேன்" என்று சொல்லியிருக்கிறார். ஒருநாள் பெரட்டில் எல்லோரையும் நிறுத்திவைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரைப் புகழ்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு என்னா வந்துச்சு? உங்கம்மா பேரக் கெடுக்கறதுக்குன்னே வெட்டுறியா? ராத்திரி வீட்டுல உம் புருஷன்கிட்டக் கேட்டுக் கத்துக்க."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் தரையைப் பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு "சரிங்க மண்டோரய்யா" என்றேன். அந்த இரண்டு வார்த்தைக்கு நான் பட்ட பாடு இரண்டு நிரை வெட்டுவதைவிட அதிகம்.

முதலில் என் வீட்டுக்காரருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துப் பார்த்தார், விரல்களில் கொப்புளம் கட்டியிருந்தது. "பாவம்டி நீ" என்றார். அடுத்த வாரம் யாரோ ஒருத்தர் அவரிடம் கத்தியை எப்படிப் பிடிப்பது என்று கேட்க, பதில் சொல்லத்தானே வேண்டும், சொன்னார். அடுத்து இரண்டு பேர் கேட்டார்கள். அதற்கடுத்து யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். மணிக்கட்டு எப்படி இருக்க வேண்டும், பட்டை எவ்வளவு மெல்லிசாக வர வேண்டும் என்று லயத்துக் குழாயடியில் உட்கார்ந்து அவர் விளக்குவதைத் தண்ணீர் பிடிக்கப் போனபோது என் காதாலேயே கேட்டேன். என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொன்னார், தப்பில்லாமல் சொன்னார். படுத்துக்கிடந்து என்ன ஆவோமோ என்று பயந்தவருக்கு நாலு பேர் மதிப்பது தெம்பாக இருந்திருக்கும். இப்போது எனக்கு அது புரிகிறது. அப்போது குடத்தால் மண்டையில் ஒன்று போடலாமா என்றுதான் இருந்தது.

ஒரு சாயந்திரம் அவர் முகமெல்லாம் ஒருமாதிரியாக வந்தார். பயமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. நாளைக் காலை சிரம்பானிலிருந்து ஜப்பான்கார அதிகாரி வருகிறாராம். மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டுகிற ஆள் ஒருத்தன் இருக்கிறான் என்று மண்டோர் சொல்லிவைத்திருக்கிறார். எல்லோர் முன்னாலும் என் வீட்டுக்காரர் வெட்டிக் காட்ட வேண்டுமாம்.

"நீங்க என்னா சொன்னீங்க?"

"சரின்னேன். வேற என்னா சொல்றது?"

பொய்யாகப் பேர் கொடுத்ததற்காக ஒரு ஆளை வெயிலில் மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கவைத்ததைத் தோட்டமே பார்த்திருக்கிறது. அவர் இந்தக் காலோடு அப்படி நின்றால் அவ்வளவுதான். லயத்துக்குப் பின்னால் பால் வற்றிப்போன மரம் ஒன்று நின்றது. பொழுது இறங்குகிறவரை அவரை அதில் வெட்டவைத்தேன். கையைப் பிடித்தேன், திட்டினேன், கெஞ்சினேன். வாயால் சொன்னதில் கால்வாசிகூடக் கைக்கு வரவில்லை. கடைசியில் கத்தியை வைத்துவிட்டு, "நடக்கறது நடக்கட்டும் புள்ள" என்றார். நான் மறுபடி கத்தியை எடுத்து அவர் கையில் வைத்தேன். விடுவதாக இல்லை நான்.

மறுநாள் நன்றாக விடிந்தபிறகு கார் வந்தது. இறங்கின ஜப்பான்காரர் குட்டையான மனிதர், கண்ணாடி போட்டிருந்தார். பக்கத்தில் கிராணி, அவருக்குக் கொஞ்சம் ஜப்பான் பாஷை வரும். ரோட்டோரத்து முதல் மரத்தைச் சுற்றி எங்களை நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் குனிந்து கத்தியை வைத்தார். முதல் இழுப்பு நன்றாகவே போனது. நான் மூச்சுவிட்டேன். இரண்டாவது இழுப்பில் கால் வலித்திருக்க வேண்டும், உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, கத்தி உள்ளே இறங்கிவிட்டது. பட்டை துண்டுதுண்டாக உதிர்ந்தது.

ஜப்பான்காரர் குந்தி உட்கார்ந்து அந்தக் காயத்தை விரலால் தடவிப் பார்த்தார். அப்போது மண்டோர் முன்னால் வந்து கும்பிட்டார்.

"ரெண்டு நாளா இவனுக்குக் காய்ச்சலுங்க. இன்னைக்குக் கை ஆடுது. நெசமான வெட்டு உள்ள நிரையில இருக்கு, வந்து பாத்தா தெரியும்."

என் வீட்டுக்காரரைக் காப்பாற்ற அவர் அதைச் சொல்லவில்லை, தன்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனாலும் அது வேலை செய்தது. கிராணி மொழிபெயர்த்தார். ஜப்பான்காரர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். காய்ச்சல் இல்லாத ஆள் அப்போது யார் இருந்தார்கள்? எங்களை அழைத்துக்கொண்டு உள்ளே போய் என் வீட்டுக்காரர் நிரையைப் பார்த்தார். மரம் மரமாகப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் நின்றிருந்தால் கார் போயிருக்கும்.

மண்டோருக்கு அதோடு நிறுத்தத் தெரியவில்லை. அடுத்த நிரையைக் காட்டி, "இதப் பாருங்க, இவன் பொண்டாட்டி நிரை. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு இவ்வளவு சோம்பேறித்தனம்" என்றார். கிராணி அதையும் சொன்னார். ஜப்பான்காரர் என்னைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தலையாட்டினார்.

பயத்தில் ஆட்டினார். யார் எதைச் சொல்லியிருந்தாலும் அந்த நிமிஷம் ஆட்டியிருப்பார். எனக்கு அது தெரிந்தும் பொறுக்கவில்லை.

"அவரு நிரையில இருக்கறது என் வெட்டு" என்றேன்.

கிராணி மொழிபெயர்க்கவில்லை. "சும்மா இரு புள்ள" என்று முணுமுணுத்தார். நான் என் வீட்டுக்காரர் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டு பக்கத்து மரத்துக்குப் போனேன். வெட்டினேன். பட்டை மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் ஒரே சுருளாக இறங்கியது. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. என் ஆயுசில் அதைவிட நல்ல வெட்டு நான் வெட்டினதில்லை என்று இப்போதும் சொல்வேன். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஜப்பான்காரர் ஒரு கேள்வி கேட்டார். அப்படியானால் உன் நிரை ஏன் இப்படி என்று கிராணி சொன்னார். பால் விடுகிற நேரம் ஒன்றுதான், ஆம்பளை அளவு பெரிசு, அதனால் அந்த நேரத்தை அவர் நிரைக்குக் கொடுத்தேன் என்றேன். அவர் காலில் புண் என்றும் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது.

ஜப்பான்காரர் மண்டோரின் கன்னத்தில் ஒரு அறை விட்டார். என் வீட்டுக்காரரைக் கால்சட்டையைத் தூக்கிப் புண்ணைக் காட்டச் சொன்னார், பார்த்தார், அவரை அடிக்கவில்லை. பிறகு நாலு வார்த்தை பேசிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். கால் ஆறும்வரை என் வீட்டுக்காரர் பேர் கிடையாது, அரிசியும் கிடையாது. இரண்டு நிரையும் இனி என் பேரில். அரிசி பொம்பளை அளவு. கிராணி இதை எங்களிடம் சொல்லும்போது மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சாயந்திரம் மகள் மரவள்ளியைத் தின்றுவிட்டுச் சோறு எங்கே என்று கேட்டாள். நாளைக்கு என்றேன். அவள் விளையாடப் போனதும் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் உப்புத் தண்ணீரைச் சுடவைத்து அவர் காலைக் கழுவினேன். கட்டுத்துணியை எடுத்துச் சுற்றினேன்.

"மண்டோரு காய்ச்சல்னு சொன்னத நீ கேட்டியா?" என்றார்.

"கேட்டேன்."

"அந்த ஜப்பான்காரன் தலையாட்டினதையும் பாத்தியா?"

ஆயிரம் பதில் வாயில் இருந்தது. பயந்துவிட்டேன் என்று சொல்லலாம். எப்படியும் ஒருநாள் தெரிந்திருக்கும், இன்றைக்கே சொல்வது நல்லது என்று நினைத்தேன் என்று சொல்லலாம், அதை அவர் நம்பக்கூட நம்பியிருப்பார். இத்தனை நாளும் அந்தத் தோட்டத்தில் ஒவ்வொருத்தரும் ஒவ்வொருத்தரிடம் சொன்னது அப்படிப்பட்ட பதில்களைத்தான்.

"பாத்தேன். எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னும் தெரியும்" என்றேன். "என் வெட்ட ஒங்க வெட்டுன்னு இன்னொரு தடவ கேக்க என்னால முடியல. அதுக்காகத்தான் சொன்னேன். மகள நெனைக்கல."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கட்டுத்துணியின் முனையை என் கையிலிருந்து வாங்கித் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

"கத்தியக் கொண்டா, தீட்டித் தரேன்" என்றார். "நாளைக்கு ஒன் நிரைய மொதல்ல வெட்டு."